கனகராயன் ஆற்றை ஒரே ஆறாகப் பாருங்கள்

வடக்கு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தினருக்கும், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டச் செயலகங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வன்னிப் பாடசாலைகளில் நெடுங்காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். வகுப்பில் மாணவர்களிடம் இலங்கையின் ஆறுகளைச் சொல்லச் சொன்னால் மகாவலியும் களனியும் வளவையும் வரிசையாக வரும். தங்கள் ஊர்க் காட்டுக்குள் ஓடும் கனகராயன் ஆற்றைச் சொல்பவர் அரிதாகவே இருந்தனர். சொன்னவர்களும் அதை இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் என்றே எண்ணியிருந்தனர். பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. பெரியவர்களாகிய நாமும் அந்த ஆற்றை அப்படித்தான் நடத்திவருகிறோம் என்பதே என் கவலை.

வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில், சேமமடுக் குளத்தை அண்டிய காட்டுநிலத்தில் இந்த ஆறு தொடங்குகிறது. அங்கிருந்து முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் ஊடாக வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தில் தங்கி, பின் சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. ஏறத்தாழ 86 கிலோமீற்றர் நீளமும், ஏறத்தாழ 900 சதுர கிலோமீற்றர் நீரேந்து பரப்பும் கொண்ட இந்த ஆறு மகாவலியோடு ஒப்பிட்டால் சிற்றாறுதான். ஆயினும் ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, பெருநிலப்பரப்பின் வட அந்தத்தில் ஒரு மாவட்டத்தின் நெற்செய்கையையே தாங்கி நிற்கும் ஆறு இது.

இதன் மேற்பகுதி பழமையான பளிங்குருப் பாறைகளின் மீது அமைந்திருக்கிறது. அப்பாறைகள் காலங்காலமாகச் சிதைந்து தந்த மணலே ஆற்றின் படுக்கையை நிரப்பியிருக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுவதால், மாரியில் இரு கரையும் தொட்டு ஓடும் ஆறு ஆவணியில் வெண்மணலாகக் கிடக்கும். புதிதாக வருபவர் அதைச் செத்த ஆறு என்றே நினைப்பார். ஆனால் அம்மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். ஆற்றோரத்து மருத மரங்கள் கோடையிலும் பச்சையாக நிற்பதற்கும், கரையோரக் கிணறுகள் வற்றாதிருப்பதற்கும், காட்டு விலங்குகள் ஆற்றை விட்டு அகலாதிருப்பதற்கும் அந்த மறைநீரே காரணம். கடும் வெயிலில் திறந்து கிடக்கும் எந்தக் குளத்தையும் விட, மணலுக்குள் இருக்கும் நீர் குறைவாகவே ஆவியாகிறது. வன்னியின் கோடையை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆற்றின் இரு மருங்கிலும் உள்ள காடு உலர்வலயப் பசுமைமாறாக் காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என வளர்வதற்குப் பல தலைமுறை எடுக்கும் மரங்கள் அதில் நிற்கின்றன. பாலைப்பழக் காலத்தில் அந்தக் காட்டுக்குள் போய்வந்தவர்களுக்கு அதன் வாசம் மறக்காது. ஆறு குறித்த பேச்சில் மரங்களைக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. மார்கழி மழை ஒரே இரவில் கொட்டும்போது, அந்த நீரைச் சருகிலும் வேரிலும் தடுத்து மெல்ல மெல்ல ஆற்றுக்கு இறக்குவது இந்தக் காடுதான். காடு வெட்டப்பட்ட இடத்தில் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு விரைந்து ஓடிவந்து குளத்தின் வயிற்றில் வண்டலாகப் படிகிறது. குளம் ஆழம் குறைவதும், வெள்ளம் உயர்வதும், கோடையில் ஆறு முன்னரே வற்றுவதும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை.

இரணைமடு என்ற பெயரே அணைக்கு முந்திய ஆற்றை நினைவூட்டுகிறது. இரட்டையாக இருந்த இரு மடுக்களே அப்பெயருக்குக் காரணம். 1902 இல் தொடங்கிய அணைவேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. பின்னர் அணை பலமுறை உயர்த்தப்பட்டு, இன்று 13 கோடி கன மீற்றருக்கும் மேற்பட்ட நீரைத் தேக்கும் பெருங்குளமாக நிற்கிறது. அந்தச் சாதனையை நான் மதிக்கிறேன். ஆனால் அணை எழுந்த நாளிலிருந்து நம் கணக்குகள் யாவும் அணைக்கட்டிலேயே தொடங்கிவிட்டன. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, மாரிக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு எவ்வளவு, கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்றே கேட்கிறோம். இக்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் பேசப்பட்டபோது எழுந்த கசப்பான விவாதமும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கிளிநொச்சி விவசாயிகளின் அச்சம் நியாயமானது. குடாநாட்டு மக்களின் தாகமும் நியாயமானது. பின்னர் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. ஆனால் பங்கிடப்பட இருந்த நீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது, அந்தக் காட்டின் நிலை என்ன என்ற கேள்வி அந்த விவாதத்தின் நடுவுக்கு வரவேயில்லை.

2018 டிசம்பர் 21 ஆம் திகதி இரவை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அன்று பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல்லாயிரம் மக்கள் வெள்ளத்தில் தவித்தனர். கதவுகள் எப்போது திறக்கப்பட்டன என்பது பற்றிய வாதம் நீண்டது. யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. மேலாற்றில் பெய்யும் மழை காடும் சிறுகுளங்களும் கடந்து இரணைமடுவை வந்தடையச் சில மணி நேரம் எடுக்கும். அந்தச் சில மணி நேரம்தான் கீழே உறங்கும் குடும்பங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். மேலாற்றின் மழையளவும் நீர்மட்டமும் மாரிக்காலத்தில் மணிக்கு மணி கீழாற்றின் கிராம அலுவலருக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் சென்றடைய வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அன்று.

மணல் அகழ்வைப் பற்றிச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. வீடு இழந்த மக்கள் வீடு கட்ட மணல் வேண்டும். அதை மறுப்பவன் நான் அல்லன். ஆனால் இரவில் உழவு இயந்திரங்களில் ஏற்றப்படும் மணல் ஊற்றையும் சேர்த்தே கொண்டுபோகிறது. ஓர் ஆண்டு மாரியில் ஆறு எவ்வளவு மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று அளந்து, அதற்குக் குறைவாகவே அள்ள அனுமதிக்க வேண்டும். அளக்கும்வரை புதிய அனுமதி எதுவும் வழங்கக்கூடாது.

காட்டைக் காப்பது என்ற பெயரில், போரால் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களின் பழைய வயல்களை மீண்டும் பறிப்பதற்கு இம்மடலை யாரும் சான்றாகக் காட்டிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஆளில்லாத ஆண்டுகளில் காடேறிப்போன காணி வேறு, தொன்மையான ஆற்றோரக் காடு வேறு. இரண்டையும் பிரித்தறிய ஊரின் மூத்தவர்களை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தாலே போதும்.

ஆற்றின் கடைசிப் பகுதியையும் மறந்துவிடாதீர்கள். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் இறங்குவதும், இறால் பெருகுவதும், கரையோர மீனவர் வலை வீசுவதும் உவர்நீரோடு நன்னீர் உரிய காலத்தில் வந்து கலப்பதைப் பொறுத்தே நடக்கின்றன. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மீனவர்களே நினைவுக்கு வருகிறார்கள்.

ஆற்றின் ஒரு துண்டு ஒரு மாவட்டத்தில், மறு துண்டு இன்னொன்றில்; காடு ஒரு திணைக்களத்திடம், மணல் வேறொன்றிடம், குளம் மற்றொன்றிடம், கடனீரேரி இன்னுமொன்றிடம். ஆகவே நான் முதலில் கேட்பது ஒரு வரைபடம். சேமமடுவிலிருந்து சுண்டிக்குளம் வரை, கிளை ஓடைகள், சிறுகுளங்கள், ஆற்றோரக் காடு, மணற்படுக்கை, கிணறுகள் அனைத்தையும் காட்டும் வரைபடத்தை மூன்று மாவட்டங்களும் சேர்ந்து தயாரித்து, தமிழில் அச்சிட்டு, ஆற்றங்கரைப் பாடசாலைகளின் சுவர்களில் தொங்கவிடுங்கள். அடுத்த ஐப்பசிக்கு முன் அதற்கான முதற் கூட்டத்தைக் கூட்டினால், ஆற்றைச் சுற்றி மாணவர்களோடு நடந்து பல ஆண்டுகளாக எழுதிவைத்த என் குறிப்பேடுகள் அனைத்தையும் கொண்டுவந்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வன்னியில் ஓய்வுபெற்ற ஒரு புவியியல் ஆசிரியர்