பாப்பாவுக்கு, அந்த 555 புத்தகத்தைப் பத்தி

பாப்பா,

வர்ற ஞாயித்துக்கிழமையோட ஒரு வருஷம். எதுக்குன்னு உனக்குச் சொல்ல வேணாம். வாட்ஸ்அப்ல அனுப்பினா நீ படிக்காமலே விட்டுருவ, அதான் இங்க எழுதுறேன். சித்தி படிப்பாங்க, நம்ம சைக்கிள் குரூப்ல உள்ளவங்களும் படிப்பாங்கன்னு தெரியும். அன்னிக்கு அவங்க முன்னாடிதானே வாயை விட்டேன், இதையும் அவங்க படிக்கட்டும்.

போன வாரம் காடி கழுவ டிராயரைக் காலி பண்ணப்போ உன் 555 புத்தகம் கையில கிடைச்சுது. மளிகைக்கடையில கடன் எழுதுவாங்களே, அந்தக் குட்டிப் புத்தகம். கறிபாப் வாங்கின பிளாஸ்டிக் பையில சுத்தி ரப்பர் பேண்டு போட்டிருக்க, அப்படியும் வேர்வை எறங்கி ஓரமெல்லாம் மை கலங்கிப் போயிருக்கு. நீ அதை என் பானெட் மேல வச்சுட்டு ஒன்னும் பேசாம சித்தப்பா காடியில ஏறிப் போன. நான் எடுத்து உள்ள போட்டேன். பிரிச்சுப் பார்க்கணும்னு அப்ப தோணவே இல்ல, தினம் ஓட்டுற காடிக்குள்ளயே ஒரு வருஷம் கிடந்திருக்கு.

இப்பதான் பிரிச்சேன். "திங்கள். போக 37, வர 41. லேசு." "புதன். போக 39, வர 44. மழை. கால் கனம்." "வெள்ளி. ஆபீஸ் படிக்கட்டுல ரெண்டு தடவை நின்னுட்டேன். அண்ணன்கிட்ட சொல்லணும்."

இப்படி நிமிஷக் கணக்கா மூனு வாரம், பதினஞ்சு நாள், கோலாலம்பூர்ல செந்தூல்ல இருந்து மிட் வேலி பக்கம் உன் புது ஆபீசுக்கு அந்தப் பழைய சைக்கிள்ல, முதுகுல லேப்டாப்போட. மிதிக்கிற பலத்தை வாட்ல காட்டுற பவர் மீட்டர் அதுல கிடையாது. இருந்திருந்தாலும் நீ போட்டிருக்க மாட்ட, ஏன்னா லேசான ரைடையெல்லாம் ட்ரெயினிங் ஆப்புல பதியாதேன்னு சொன்னவன் நான்தான்.

ஏன் சொன்னேன்னு கேட்டா, அப்ப எனக்கு அது சரியாத்தான் பட்டுச்சு. சுமார் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிச்சு மிதிக்கிற உன் பலம், எஃப்டிபி, 176 வாட். அதுல 55 சதவீதத்துக்குக் கீழ, அதாவது 97 வாட்டுக்குக் கீழ ஓட்டினா அது ரிக்கவரி, ரத்தம் ஓட ஓட்டுறது, அவ்வளவுதான். அதையெல்லாம் சேர்த்தா ஆவரேஜ் எறங்கும், சார்ட்டு பார்க்க நல்லா இருக்காது, எது உண்மையான ட்ரெயினிங்னு கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். இன்னொரு காரணமும் இருந்துச்சு, அது நல்ல காரணம் இல்ல. நீ 18 கிலோமீட்டர் வேகத்துல போட்ட ரைடுக்குக் கீழ ஒருத்தர் எழுதினதை நீயும் பார்த்த, நானும் பார்த்தேன், யாருன்னு இங்க சொல்ல மாட்டேன். உன்னைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி இருந்துச்சு. உனக்குப் பயிற்சி குடுக்குறது நான்னு எல்லாருக்கும் தெரியுமே.

அந்தப் பதினஞ்சு நாளையும் உட்கார்ந்து கையாலயே ஏத்தினேன் பாப்பா, உன் அக்கவுண்டுல எனக்கு இருந்த அனுமதியை நீ இன்னும் எடுக்கல. எஃப்டிபில ஒரு மணி நேரம் முழுசா ஓட்டினா உடம்புல ஏறுற பாரம் 100 டிஎஸ்எஸ், அதுல 55 சதவீதத்துல ஓட்டினா 30தான் வரும். உனக்குத் தெரிஞ்ச கணக்குதான். ஒரு நாளைக்குப் போக வர ஒரு மணி இருபது நிமிஷம்னா 40, வாரத்துக்கு 200. இதையெல்லாம் நான் சைபர்னு வச்சிருந்தேன். பல மாசமா இதே மாதிரி ஓட்டிட்டு இருந்திருந்தா உடம்பு பழகின பாரத்தைக் காட்டுற 42 நாள் சிடிஎல்லும் களைப்பைக் காட்டுற 7 நாள் ஏடிஎல்லும் சேர்ந்தே ஏறியிருக்கும், வித்தியாசம் பெருசா தெரிஞ்சிருக்காது. நீ மூனு வாரம் முன்னாடிதான் ஆரம்பிச்ச. 7 நாள் கணக்கு அதுக்குள்ள மேல ஏறிடுச்சு, 42 நாள் கணக்கு இன்னும் பாதி வழி கூட வரல. அந்த ஞாயித்துக்கிழமை காலையில என் போன்ல உன் டிஎஸ்பி, அதாவது சிடிஎல்ல இருந்து ஏடிஎல்லைக் கழிச்சது, பிளஸ் 5, களைப்பு இல்லன்னு அர்த்தம். இதையெல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம் மைனஸ் 10க்கும் கீழ.

மைனஸ் 10ல உலகம் ஒன்னும் அழிஞ்சிடாது, அதுக்கும் கீழ வச்சு ஓட்டுறவங்க நிறைய பேரு இருக்காங்க. இதைச் சொல்லி என்னைக் காப்பாத்திக்கப் பார்க்குறேனான்னு நீ கேட்பன்னு தெரியும், ஆமா, கொஞ்சம் அப்படித்தான். ஆனா அந்தச் சார்ட்டை நம்பித்தான் புதன்கிழமை உனக்கு இன்டர்வெல், விட்டு விட்டு வேகமா மிதிக்கிற பயிற்சி, ஏத்தினேன், நீ கால் கனம்னு எழுதின அதே புதன். சனிக்கிழமை ராத்திரி, நாளைக்கு லேசா போலாமா அண்ணேன்னு நீ கேட்டதுக்கு வாயால பதில் சொல்லாம சார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். நம்பர் பொய் சொல்லாது பாப்பான்னு அடியில எழுதியிருக்கேன். அது இன்னும் என் போன்ல இருக்கு.

பழைய கோம்பாக் ரோட்டுல, கெந்திங் செம்பா ஏறுறப்ப, எட்டு நிமிஷம் நாலு தடவை. முதல் தடவை 181 வாட். ரெண்டாவது 168. மூனாவது 149ல போயிட்டிருந்தப்போ நீ ஓரமா நிறுத்திட்டு மூங்கில் புதருக்குக் கீழ உட்கார்ந்துட்ட. நான் காடியை நிறுத்தி 100 பிளஸ் போத்தலை நீட்டினேன். நீ மூடியைத் திருகுற, திருகுற, விரல் நடுங்குதே தவிர மூடி அசையல. கையுறைக்குள்ள உன் சுண்டு விரல் தனியா ஆடிக்கிட்டு இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான், பின்னால ஏறி வந்தவங்க ஒவ்வொருத்தரா நின்னுக்கிட்டு இருந்தப்பதான், "நடிக்காதே"ன்னு சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம். அதுக்குச் சார்ட்டையோ பிளஸ் அஞ்சையோ காரணமா காட்ட முடியாது. மன்னிச்சுரு பாப்பா.

அதுக்கப்புறம் டாக்டர் சொன்னது, நீ வேலைக்கு லீவு போட்டது, அதெல்லாம் உன் விஷயம், இங்க எழுத மாட்டேன்.

ஆனா ஒன்னு கேட்கணும். "அண்ணன்கிட்ட சொல்லணும்"னு எழுதி வச்சியே, ஏன் சொல்லல? ரெண்டு தடவை நின்னுட்டேன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? புத்தகத்துக்குச் சொல்லத் தெரிஞ்சது எனக்குச் சொல்லத் தெரியலையா? ஒரு வருஷமா போன் எடுக்கல, தீபாவளிக்கு நான் வந்தா நீ ரூமை விட்டு வெளிய வரல, ரேஸ் சைக்கிளை வித்ததைக்கூட வாங்குனவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கும் கோவம் வராதா? பேலன்ஸ் பழகிக் குடுத்து, பின் சீட்டைப் பிடிச்சுக்கிட்டே தித்திவங்சா பூங்காவுல ஓடினவன்டி நான்.

சரி. கேட்டுட்டேன், பதில் சொல்லணும்னு இல்ல.

இப்ப என் லேசான ரைடையெல்லாம் பதியுறேன். பையனைப் பின்னால உட்கார வச்சு ஏரியைச் சுத்தினா அதுவும், மாமாக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வந்தா அதுவும். என்கிட்ட பயிற்சிக்கு வர்ற ரெண்டு பசங்களும் வாட்டோட கால் எப்படி இருக்குன்னு ஒரு வரி எழுதியே ஆகணும். அந்த வரியைத்தான் நான் முதல்ல படிக்கிறேன். உன் பதினஞ்சு நாளுக்கும் நீ எழுதினதை அப்படியே குறிப்புல போட்டிருக்கேன், மழை, கனம், படிக்கட்டு எல்லாம்.

கடைசிப் பக்கத்துல அந்த ஞாயித்துக்கிழமை தேதி மட்டும் எழுதியிருக்க, அதுக்குக் கீழ வெறும் கோடு. அதை நான் எங்கயும் ஏத்தல. புத்தகத்தைச் சித்திகிட்ட குடுத்துட்டேன், பிளாஸ்டிக் பையையும் மாத்தல.

உன் பழைய சைக்கிளைப் பின்னால வராந்தாவுல பார்த்தேன். ரெண்டு டயர்லயும் காத்து சுத்தமா இல்ல, பின் டயர்ல வால்வு போயிருந்துச்சு. புது டியூப் போட்டு காத்து அடிச்சு வச்சிருக்கேன். ஓட்டுன்னு சொல்லல. சித்தி பாசாருக்குப் போகக் கேட்டாங்க, அதான்.

அண்ணன்