எல்லாமே தூண்தானாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் இங்கிலீஷ் பக்கத்துல 'பில்லர், காலம், போஸ்ட், பிலாஸ்டர் எல்லாத்துக்கும் அர்த்தம் தூண்தான், எதை வேணும்னாலும் போட்டுக்கலாம்'னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. ரொம்ப சந்தோஷம். நாங்க செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கம், தூணுக்கு நடுவுல தவழ்ந்து வளந்தவங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காலம்னா (நேரங்காலம் இல்லீங்க) மேல உள்ள கனத்தைத் தாங்குறது, எஞ்சினியர் பிளான்ல அதைத்தான் போடுவாரு. பில்லர் எதையும் தாங்காம சும்மாகூட நிக்கும், குதுப்மினார் கிட்ட இருக்குற இரும்புத் தூண் தலையில என்னத்தைச் சுமக்குது? போஸ்ட் வேலிக்கும் விளக்குக்கும் ஊனுறது. பிலாஸ்டர் தனித்தூணே இல்ல, சுவத்தோட ஒட்டி தூண் மாதிரி லேசா துருத்திக்கிட்டு இருக்கும், பெரும்பாலும் அழகுக்குத்தான். எங்க வீட்டு முகப்புல வரிசையா இருந்துச்சு, இப்ப இல்ல. ஏன்னா வீடு பங்காளிக பொதுவுல கிடக்கு, மராமத்து பாக்கும்போது சிங்கப்பூர்ல இருக்குற பெரியப்பச்சி மகன் 'பிலாஸ்டரைத் தொடாதீங்க'ன்னு இங்கிலீஷ்ல மெயில் போட்டாரு, காண்ட்ராக்டர் அதை பிளாஸ்டர்னு படிச்சுட்டாரு. பொரிஞ்சு கிடந்த பூச்சை பத்திரமா விட்டுட்டு, துருத்திக்கிட்டு இருந்ததைப் பூரா கொத்தி எடுத்துட்டாரு! சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைச்ச வேலை, திரும்பப் பூச ஆளுக்கு எங்க போறது. கேட்டா 'எல்லாம் ஒண்ணுதானே அண்ணே'ங்குறாரு. உங்க வாசகரா இருப்பாரோ என்னவோ.

இது இன்னைக்கு நேத்து கதையா? பொங்கல் மலர்ல ரெண்டு மாடி வீட்டைப் போட்டு கீழ 'பங்களா'ன்னு எழுதினீங்க, அது வங்காளத்து வீட்டுக்கு வந்த பேரு, இங்கிலாந்துல பங்களான்னா மாடியே இருக்காது. அடுத்த தடவை 'மேன்ஷன்'னீங்க, அகராதிப்படி சரிதான், ஆனா எங்க அப்பத்தா திருவல்லிக்கேணி மேன்ஷனை நெனச்சுக்கிட்டு 'நம்ம வீட்டுல பேச்சிலர் பயலுகளையா குடிவச்சிருக்கோம்'னு கேட்டாக. வளவுக்கு, அதான் வீட்டு நடு முற்றத்துக்கு, 'ஹால்'னு போட்டது யாரு? நடுவுல வானம் தெரியுது, மழை உள்ள கொட்டுது, அது ஹாலாம்! கோர்ட்யார்டுன்னு ஒரு வார்த்தை இருக்கே. உத்திரம் பீம், ஓட்டைத் தாங்கிச் சாய்வா இறங்குற கைமரம் ராஃப்டர், மெட்ராஸ் டெரஸ்ல (செங்கலும் சுண்ணாம்பும் போட்ட அந்தக்காலத் தட்டைக் கூரை) நெருக்கி நெருக்கிப் போடுற தேக்குச் சட்டம் ஜாயிஸ்ட், உங்களுக்கு மூணும் பீமு. எங்க ஆசாரி எட்டாவது தாண்டல, அவரு ஒண்ணை இன்னொண்ணுன்னு மாத்திச் சொல்லமாட்டாரு.

2014லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல எங்க ஊருக ஏறியாச்சு, வெள்ளைக்காரங்க வந்து மேல கையக் காட்டி இது என்னன்னு கேக்குறாங்க, நம்ம பிள்ளைக உங்க பக்கத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் பதில் சொல்லுதுக. முன்னாடியும் லெட்டர் போட்டேன், குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும், இடப்பற்றாக்குறைன்னு சொல்வீங்க, ராசிபலனுக்கு மட்டும் நாலு பக்கம் கிடைக்குது.

பெரிய மனுஷங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா. அடுத்த இதழ்ல ஒரே ஒரு வீட்டுப் படம் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு எது எதுன்னு பேர் எழுதிடுங்க, பிலாஸ்டரையும் பிளாஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. அப்புறம் சந்தா கட்டியும் மாசி மாச இதழ் இன்னும் வரல, அதையும் சேர்த்து அனுப்பினா நல்லது.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் பக்கத்து வாசகர்