ஹாலே நகரிலிருந்து அப்பாவுக்கு

ஹாலே, ஜெர்மனி
அட்வெந்து முதல் வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் தம்பியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் உடையாமல் சிந்தாமல் வந்து சேர்ந்தன. குளிர் ஆரம்பித்துவிட்டது. மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கம்பளி, பூட்ஸ் எல்லாம் இருக்கிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "வேலை சரி, சம்பளம் சரி, ஊழியம் என்ன ஆயிற்று?" இதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பிறந்தபோதே என்னை மிஷனெரி ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்து ஜெபித்தவர் நீங்கள். "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்ற வசனத்தை நான் மனப்பாடமாகச் சொன்ன அன்று உங்கள் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நீங்கள் கேட்கும்போது பதில் சொல்வது என் கடமை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் தரங்கம்பாடிக் கடற்கரையில் 1706 ஜூலை 9ஆம் தேதி லுத்தரன் மிஷனெரி சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கினாரே, அவர் படித்த ஊர் இதுதான். அவரை உருவாக்கிய பிராங்கே ஐயரின் அநாதை இல்லம் இன்றும் நிற்கிறது. நான் வேலைக்குப் போகும் டிராம் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. நிறுத்தத்தின் பெயரே பிராங்கே சதுக்கம்தான். ஒரு ஏழைகளின் உண்டியலில் யாரோ போட்ட நாலு தாலர், பதினாறு குரோஷன் காசை வைத்துக்கொண்டு 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்த மனிதர் அவர். இப்போது உள்ளே போனால் ஒரு சின்ன நகரம் மாதிரி நீண்டுகிடக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் கட்டடங்களையெல்லாம் அப்படியே பாழாக விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே உயரத்தில் ஒரு பெரிய சாலையும் போட்டுவிட்டார்கள். 1990க்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்து மீட்டார்களாம்.

அநாதை இல்லத்தின் மாடிக்கும் மேலே, கூரைக்குக் கீழே, ஒரு கூடம் இருக்கிறது. பிள்ளைகள் உலகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பிராங்கே சேர்த்துவைத்த பொருள்கள். கண்ணாடி அலமாரி அலமாரியாக சங்கு, கிளிஞ்சல், பாம்புத் தோல், பல தேசத்துச் செருப்பு, உடை. மேலே ஒரு முதலை தொங்குகிறது. நம் பக்கத்திலிருந்து மிஷனெரிமார் அனுப்பியவையும் அங்கே இருக்கின்றன. இவர்களுடைய காப்பகத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியதும் இந்த ஊர்தான், அப்பா. அதை வைத்துத்தான் தரங்கம்பாடியில் அச்சு ஓடியது, நம் கையில் புதிய ஏற்பாடு வந்தது.

இந்தப் பெருமையோடு ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே குளிர்காலத்தில் பல சபைகள் பெரிய கோயிலைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலுள்ள சின்ன அறையில் ஆராதனை வைக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது, வருபவர்களும் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் நரைத்த தலைகள். ஆர்கன் வாசிப்பு அருமையாக இருக்கும், பாட்டுக்குக் குரல்தான் குறைவு. ஆஸ்பத்திரியில் என் வார்டில் என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் நல்லவர்கள், கெட்டிக்காரிகள். நோயாளியைத் தொடும்போது அவர்களுக்கு இருக்கிற மரியாதையை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஈஸ்டர் என்றால் என்ன நடந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் தாத்தா பாட்டி காலத்திலேயே கோயிலோடு தொடர்பு விட்டுப்போயிற்று. கம்யூனிஸ்ட் ஆட்சியில், திடப்படுத்தல் எடுத்துச் சபையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மேல்படிப்பு கிடைப்பது கஷ்டம் என்று இருந்த காலம் அது. பயந்து விட்டவர்கள் விட்டார்கள், அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே வந்து பதிவு செய்யும்போதே மதம் என்ன என்று கேட்டார்கள். லுத்தரன் என்று சொன்னேன். அதனால் மாதாமாதம் சம்பளத்தில் சபை வரி பிடிக்கிறார்கள். நாம் கட்டுகிற வருமான வரியில் நூற்றுக்கு 9 பங்கு. ஒரு நாள் ஓய்வறையில் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்க்கிற ஒரு சகோதரி, "இதை ஏன் வீணாகக் கட்டுகிறாய்? சபையை விட்டு விலகுவதாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பணம் மிச்சம்" என்றாள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் சொன்னாள். "அந்தப் பணம் போனால் பரவாயில்லை, எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடமும் அச்செழுத்தும் இந்தச் சபையிலிருந்துதான் வந்தன" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருப்பவள், பிராங்கே வளாகத்துக்குள் போனதே இல்லையாம். அடுத்த வாரம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, முதலையைப் பற்றியும் ஓலைச்சுவடியைப் பற்றியும் எனக்கே சொன்னாள். அதற்குப் பிறகு நிறையக் கேள்விகள் கேட்கிறாள். நானும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பியின் சிநேகிதன் வரும்போது சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டு கொடுத்தனுப்பவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா. நம் ஊர்ப் பஸ் நிலையத்தில் கைப்பிரதி வாங்குகிறவர் குறைந்தபட்சம் படித்துவிட்டு மடித்து வைப்பார். இங்கே அதை விளம்பரத் தாளோடு சேர்த்துவிடுவார்கள். வார்டிலும் நானாக வேதத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. பயமோ வெட்கமோ இல்லை. படுக்கையில் கிடக்கிறவரால் எழுந்து போக முடியாது. போக முடியாதவரிடம் பேசுவது சுவிசேஷம் சொல்வதாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. இயேசு சுவாமியே குருடனான பர்திமேயுவிடம் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்றுதான் கேட்டார்.

ஆனால் அவர்களாகக் கேட்டால் விடமாட்டேன். இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பாட்டி, வாலிபத்தில் டிராம் ஓட்டியவர். ராத்திரி டியூட்டியில் தூக்கம் வராமல் என்னோடு பேசுவார். எந்த ஊர் என்று கேட்டார், தரங்கம்பாடி என்றேன், சீகன்பால்க் கதையைச் சொன்னேன். "நான் எத்தனை வருஷம் அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியிருப்பேன், ஒருவரும் இதைச் சொல்லவில்லையே" என்றார். சீகன்பால்குக்கு இதனால் என்ன கிடைத்தது என்று கேட்டார். வந்த மூன்றாம் வருஷமே டேனிஷ் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையில் போட்டதையும், 36 வயதில் இறந்ததையும், எங்கள் கோயில் பீடத்தின் பக்கத்தில்தான் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. தலையை வாரிவிடச் சொன்னார். மறுநாள் ராத்திரி, "அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை உன் பாஷையில் சொல்லு" என்றார். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கிச் சொன்னேன். "எனக்கு நம்பிக்கை இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். சரி என்றேன். "ஆனால் நாளைக்கும் வந்து சொல்லு" என்றார். அவர் வேறு இடத்துக்கு மாற்றப்படும் வரை தினமும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காக ஜெபிக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலைக்கு வந்தவளுக்கு ஊழிய அழைப்பு எங்கே என்பதுதானே உங்கள் மனதில் இருப்பது?

இப்போது இங்கே ஜன்னலுக்கு ஜன்னல் ஹெர்ன்ஹுட் நட்சத்திரம் என்கிற கிறிஸ்துமஸ் விளக்கு தொங்குகிறது. ஹெர்ன்ஹுட் சபையை நடத்திய சின்சென்டார்ப் பிரபு, சிறுவயதில் பிராங்கே பள்ளியில் படித்தவர். அவர் 1731இல் கோப்பன்ஹேகன் அரண்மனை விழாவுக்குப் போனபோது, அந்தோன் என்ற ஒரு அடிமையைச் சந்தித்தார். கரீபியக் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் என் சகோதரியும் சகோதரனும் அடிமைகளாய்க் கிடக்கிறார்கள், அவர்களுக்கு யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று அவர் கேட்டார். பவுலுக்கு "மக்கெதோனியாவுக்கு வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்" என்று தரிசனத்தில் கேட்டதே, அதே மாதிரி. மறு வருஷம் 1732இல் அந்தத் தீவுக்குப் புறப்பட்ட இருவரில் டோபர் குயவர், நிட்ச்மன் தச்சர். நிட்ச்மன் தச்சுவேலை செய்துதான் இருவருக்கும் சாப்பாடு நடந்தது. அந்தத் தீவும் தரங்கம்பாடி மாதிரியே டென்மார்க் ராஜாவின் கையில் இருந்ததுதான்.

நம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் மிஷனெரிமாருக்கு அனுமதி கிடைக்காத காலத்தில் அங்கே வசனத்தைக் கொண்டுபோனவர் ராஜநாயக்கன். அவர் தஞ்சாவூர்ச் சேனையில் ஒரு சிப்பாய். சீகன்பால்க் அச்சடித்த புத்தகம் கைக்குக் கிடைத்து, படித்து, மனந்திரும்பி, தன்னோடு இருந்தவர்களுக்குச் சொன்னார். யாரும் அவரை அனுப்பவில்லை.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். உபத்திரவம் வந்தபோது அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருந்தார்கள். "சிதறிப்போனவர்கள் எங்குந்திரிந்து, சுவிசேஷ வசனத்தைப் பிரசங்கித்தார்கள்." 11ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையைத் தொடங்கினவர்கள் யார்? சீப்புருவிலிருந்தும் சிரேனேயிலிருந்தும் வந்த சிலர். பெயர்கூட எழுதப்படவில்லை. அந்தப் பெயர் தெரியாதவர்கள் தொடங்கிய சபைதான் பிறகு பவுலையும் பர்னபாவையும் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துக்கு வந்து கூடாரம் செய்தவர்கள். அவர்கள் வீட்டில்தான் பவுல் தங்கினார். அனுப்பப்பட்டவரும் சிதறிப்போனவரும் சேர்ந்துதான் வசனம் உலகத்துக்குப் போயிற்று. நான் இரண்டாவது வரிசையில் நிற்கிறேன், அப்பா. அந்த வரிசையையும் ஆண்டவர் எண்ணுகிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

என் சபையில் இப்போது பாதி உயிர் கொடுப்பவர்கள் ஈரானிலிருந்து வந்தவர்களும் எரித்திரியாவிலிருந்து வந்தவர்களும்தான். ஞாயிற்றுக்கிழமை வேதபாடத்தை ஜெர்மனில் வாசித்த பிறகு பெர்சிய மொழியிலும் வாசிக்கிறார்கள். ஒரு ஈரானிய அண்ணன் பீட்சா கடையில் வேலை செய்கிறார். ஆராதனை முடிந்து காபி ஊற்றிக்கொடுத்துக்கொண்டே, முதல் தரம் ரகசியமாக யோவான் சுவிசேஷம் வாசித்ததைச் சொல்வார். வயதான ஜெர்மன் அம்மாமார் கேக்கை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால், தங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்ததைப் பிறர் எடுத்துக் காட்டியது மாதிரி இருக்கும்.

எனக்குப் பெரிய பாடம் சீகன்பால்க் தமிழ் படித்த விதம். பல்கலைக்கழகத்தில் படித்தவர், திண்ணைப் பள்ளி வாத்தியாரைக் கூப்பிட்டுவைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். மக்கள் எதை நம்புகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டு எழுதினார். நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பியதை இங்கே இருந்தவர்கள் அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. கேட்காமல் பேசக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு பாஸ் பண்ணியதோடு மொழி முடிந்தது என்று இருந்துவிடாமல், இந்த ஊர்ப் பாட்டிமார் பேசுகிற கொச்சையைக் காது கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பட்ட யுத்தம், பசி, பெர்லின் சுவர் எழும்பியது, விழுந்தது எல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

ஜெபக் குழுவில் சொல்ல மூன்று காரியங்கள். சபை வரியைப் பற்றிக் கேட்ட அந்தச் சகோதரியும் அவள் மகளும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஈரானிய அண்ணனின் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை, மனிதர் தூங்காமல் இருக்கிறார். வசந்த காலத்தில் பிராங்கே வளாகத்தில் நம் ஊர்க்காரர் சிலர் சேர்ந்து மாதம் ஒரு தமிழ் ஆராதனை நடத்த இடம் கேட்டிருக்கிறோம்.

கைப்பிரதிக்குப் பதிலாக, அந்தச் சிநேகிதன் கையில் நம் பாட்டுப் புத்தகம் பத்துப் பிரதி கொடுத்தனுப்புங்கள். இசைக் குறிப்பு உள்ளது கிடைத்தால் நல்லது, இங்கே ஆர்கன் வாசிப்பவர் ஜெர்மானியர். பணம் இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். ஆச்சியின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐயர் அவர்களுக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்