குத்துவிளக்கின் முன் கண்பொத்திய என் மகளைப் பற்றி

நியூஜெர்சியில் எங்கள் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். கொலு பார்க்க எல்லோரும் கூடியிருந்த அந்தச் சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குத்துவிளக்கைக் கண்டதும், நாங்கள் தத்தெடுத்து வளர்க்கும் இரண்டரை வயதான என் மகள் ஓடிப்போய் அதன் முன் நின்றாள். இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மூன்று முறை தன் பக்கம் அள்ளினாள். அப்புறம் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாகச் சுடரைப் பார்த்தாள். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். சுண்டல் வாங்கும்போதுதான் காதில் விழுந்தது: “யார் பெத்த பிள்ளையோ, அதுக்கு யூதச் சடங்கெல்லாம் எதுக்கு? ரத்தத்துல இருந்தாத்தானே ஒட்டும்!”

சொன்னவர் யார் என்று எழுதப்போவதில்லை. ஆனால் பதில் சொல்லாமல் வீடு திரும்பியது இன்னும் உறுத்துகிறது.

அவள் செய்தது எங்கள் யூத வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நடப்பது. என் மாமியார் ஏற்றிய அதே பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளில்தான் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் யூத ஓய்வுநாளுக்கான விளக்கை நானும் ஏற்றுகிறேன். மாமியாரை இவள் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய எபிரேயப் பெயர் இவளுக்கு. இறந்த பெரியவர்களின் பெயரைக் குழந்தைக்கு வைப்பது என் கணவரின் அஷ்கனாசி (ஐரோப்பிய வழி) யூதர் வழக்கம். பாட்டி பெயர் வைத்ததால்தான் பேத்தி என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

விளக்கேற்றியதும் என் கணவர் அவள் தலையில் கைவைத்து, யூதர்களின் ஆதித்தாய்மார்களான சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போலக் கடவுள் உன்னை ஆக்கட்டும் என்று ஆசீர்வதிப்பார். ஆண்பிள்ளைகள் என்றால் எப்பிராயீம், மனாசே பெயர்கள் வரும். அந்த இருவரும் எகிப்தில், எகிப்தியத் தாய்க்குப் பிறந்தவர்கள். தாத்தா யாக்கோபு அவர்களை ‘இவர்கள் என்னுடையவர்கள்’ என்று தன் மகன்களாகவே ஏற்றுக்கொண்டார். வாராவாரம் யூத வீடுகளில் சொல்லப்படுவது, அப்படிச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள்! மோசேக்குப் பத்துப் பெயர்கள் இருந்தும், எடுத்து வளர்த்த பார்வோன் மகள் வைத்த பெயரால்தான் கடவுள் அவரை அழைத்தார் என்று பழைய ரபிகள் (யூத மதகுருக்கள்) சொல்லியிருக்கிறார்கள். தாய்தகப்பன் இல்லாத குழந்தையை வீட்டில் வைத்து வளர்ப்பவர் பெற்றவரைப் போலவே என்கிறது யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூத்.

அதற்காகப் பிறப்பை நாங்கள் மூடி மறைக்கவில்லை. அவளைப் பெற்றவர் யூதர் அல்ல. அதனால் முறைப்படி மூன்று பேர் கொண்ட ரபிகள் சபை முன்னிலையில் அவளை மிக்வே என்னும் நீராட்டுக் குளத்தில் முழுக்கினோம். இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவள் முகத்தில் லேசாக ஊதினேன். ஊதினால் குழந்தை மூச்சை அடக்கிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் கையை விட்டு, முழுகியதும் வாரி எடுத்தேன். அழுவாள் என்று பயந்தேன், ஆனால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். பன்னிரண்டு வயதாகும்போது, இது எனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை யூதச் சட்டப்படியே அவளுக்கு உண்டு. அதையும் அவளிடம் சொல்வோம். பெற்றவரின் படம் அவள் அறை அலமாரியில் இருக்கிறது, தினமும் பார்க்கிறாள்.

ரத்தம் என்றால், நானும் கல்யாணத்துக்கு முன் யூத மதத்துக்கு வந்தவள்தான். திருநெல்வேலியில் என் அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கும் இது கற்றுக்கொண்டதுதான். மகள் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள். சனிக்கிழமை இரவு ஓய்வுநாள் முடியும்போது வாசனைப் பொருள்களை முகரவேண்டும். பட்டை, கிராம்பு டப்பாவை மூக்கோடு ஒட்டிக்கொண்டு தரமாட்டாள். சமையலறையில் நான் பிரியாணிக்குத் தாளித்தாலும் ஓடிவந்து ஓய்வுநாள் முடியும்போது பாடும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். ஒட்டவில்லை என்று எப்படிச் சொல்வது?

உங்களிடம் கேட்பது இதுதான். அவளை வைத்துக்கொண்டு ‘சொந்தப் பிள்ளையா’ என்று கேட்காதீர்கள். அவளுக்கு இப்போது பேச்சு நன்றாகப் புரிகிறது. பிறப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் தனியாகக் கேளுங்கள், அதுவும் அவள் வளர்ந்து, தன் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று அவளே முடிவுசெய்யும்வரைதான்.

அப்புறம், ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வீட்டுக்கு வாருங்கள். மூடியிருக்கும் துணியை விலக்கி, பின்னல் ரொட்டியைக் காட்டுவது இப்போது அவள் வேலை. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றிவிடுவோம், அதற்குள் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அவளுடைய அம்மா