ஒன்பது வயதுக்கு இது தாங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளையர் வந்தபிறகு இங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு நேர்ந்ததை ஆரம்பப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்தால் பிஞ்சு மனம் கெட்டுவிடும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் மகள் சிட்னியின் டூங்காபியில் நாலாம் ஆண்டு படிக்கிறாள். சொல்லிக்கொடுப்பது போதவில்லை என்பதுதான் என் குறை.

போன தவணை அவளுக்கு 1788இல் முதல் வெள்ளைக்காரக் குடியேறிகளை ஏற்றிவந்த கப்பல்களைப் பற்றி ஒரு செயற்றிட்டம். பால் பெட்டியை வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியில் பாய்மரம் நட்டு, இரண்டு இரவு நானும் பசையோடு மல்லுக்கட்டினேன். பதினொரு கப்பல்களின் பெயரையும் மூச்சுவிடாமல் சொல்கிறாள். சரி, கப்பல் வந்தபோது இங்கே இருந்தவர்கள் யார் என்று கேட்டேன். "அபொரிஜினல் ஆட்கள்" என்றாள். அவர்களுக்குப் பெயர் இல்லையா? தெரியவில்லை. இத்தனைக்கும் பாடசாலை ஒன்றுகூடலில் இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு மரியாதை சொல்லும்போது 'தாருக்' என்ற பெயரை அவளே வாயால் சொல்கிறாள். அது ஒரு மக்களின் பெயர் என்பது பதியவே இல்லை.

டூங்காபியே தாருக் மொழிச் சொல்தான். 1797இல் இங்கிருந்த அரசாங்கப் பண்ணையைத் தாக்கி, பரமட்டாவில் சண்டையிட்டுக் குண்டடிபட்டவர் பெமுல்வுய் என்ற பூர்வகுடிப் போர்வீரர். அவர் பெயரில் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வீடு என்ன விலை போகிறது என்று நம்மவர்களுக்கு அத்துப்படி! 1802இல் அவரைச் சுட்டுக்கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தலைக்கதை ஒன்பது வயதுக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஆளையே மறைப்பதா?

சின்னப் பிள்ளைகளுக்கு நான் மரியாவின் கதையைச் சொல்வேன். ஆளுநர் மக்குவாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று பரமட்டாவில் திறந்த பள்ளியில் 1814 டிசம்பரில் சேர்க்கப்பட்ட தாருக் சிறுமி. 1819 தேர்வில் நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரை எழுதியும் முதல் பரிசு அவளுக்குத்தான். இத்தோடு நிறுத்தினால் நல்ல கெட்டிக்காரி கதை. ஆனால் அந்தப் பள்ளியின் சட்டப்படி, உள்ளே போன பிள்ளையைப் பெற்றவர்கள் திரும்பக் கூட்டிப்போக முடியாது. பெண்பிள்ளைக்கு 14 வயது, ஆண்பிள்ளைக்கு 16 வயது ஆகும்வரை. இதை மகளிடம் சொன்னபோது பரிசைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "இரவில் யாரோடு படுப்பாள்?" என்றுதான் கேட்டாள். பின்னாளில் அரசே பூர்வகுடிப் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனதையும், அதற்காக 2008இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

எங்கள் வீட்டில் அம்மம்மா 83 கலவரத்தைச் சொன்னபோது மகளுக்கு ஏழு வயது. எரிந்ததைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இரண்டு நாள் ஒளித்துவைத்ததையும், விட்டுவிட்டு வந்த தையல் மெஷினையும் சொன்னார். அப்புறம் பிள்ளையே கேட்டுக் கேட்டு மீதியை வாங்கிக்கொண்டாள். இரண்டும் ஒரே கதை என்று சொல்லவரவில்லை. ஆனால் நம் கதைக்குத் தாங்குகிற வயது இந்த மண்ணின் கதைக்கு மட்டும் ஏன் தாங்காது?

1823இல் மரியாவின் பள்ளி இடம் மாறிய பகுதிதான் இன்றைய பிளாக்டவுன், அதாவது 'கறுப்பர் ஊர்'; ஊருக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான். ரிச்மண்ட் வீதியோரம் அந்த நிலம் வெறும் புல்வெளியாகக் கிடக்கிறது. 2018இல் தாருக் மக்களிடமே அது திரும்பக் கையளிக்கப்பட்டது. கப்பல் பாடத்துக்காகப் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அடுத்த தவணை ஒரு பஸ்ஸை இந்தப் பக்கமும் திருப்பச் சொல்லி வகுப்பாசிரியைக்கு எழுதியிருக்கிறேன். அனுமதி கேட்டு, ஒரு தாருக் மூத்தவரையே வந்து பேசச் சொன்னால் இன்னும் நல்லது. மற்றப் பெற்றோரும் எழுதினால் பஸ் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
டூங்காபி, சிட்னி