'மின்டட்', 'ஃபேட் கேட்', 'நேபாப்': லண்டனில் இருக்கும் மகளுக்கு

அம்மாடி,

போனில் அவசரமாகக் கேட்டு வைத்துவிட்டாய், நான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஆபீஸில் பெரிய பணக்காரக் கிளையன்ட்டுகளைப் பற்றிப் பேசும்போது 'மின்டட்' என்கிறார்கள், 'லோடட்' என்கிறார்கள், 'ரோலிங் இன் இட்' என்கிறார்கள், நானும் அப்படிப் பேசலாமா, மெயிலில் எழுதலாமா என்று கேட்டாய். உன் சேக்காளிகளிடம் தாராளமாகப் பேசு. மெயிலில் வேண்டவே வேண்டாம். கிளையன்ட் காதில் விழுகிற தூரத்திலும் வேண்டாம்.

'மின்டட்' பிரிட்டன்காரர்களின் பேச்சு, காசு அச்சடிக்கிற மின்ட்டிலிருந்து வந்தது. 'லோடட்' எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் அமெரிக்காக்காரர் வாயில் அது தண்ணி போட்டவனுக்கும் பொருந்தும் என்பதால் பார்த்துப் பேசு. நம் பக்கம் 'பசையான ஆளு' என்று சொல்கிறோமே, அந்த அளவுக்குத்தான் இவை எல்லாம், கேட்பவருக்குக் கோபம் வராது, ஆனால் மரியாதையும் இல்லை. எழுத்தில் கௌரவமாக ஒரு வார்த்தை வேண்டுமென்றால் 'வெல்த்தி' போதும். 'வெல் ஹீல்ட்' பத்திரிகைக்குச் சரி, உன் ரிப்போர்ட்டுக்கு ஒட்டாது.

'ஃபேட் கேட்' அப்படி இல்லை. நம் 'பண முதலை' மாதிரி, கோபத்தில் சொல்வது. 1920களில் அமெரிக்காவில் கட்சிகளுக்குப் பணம் கொட்டிக் கொடுத்த முதலாளிகளை அங்கிருந்த பத்திரிகையாளர்கள் அப்படி எழுதினார்கள். பிரிட்டனில் அது சூடு பிடித்தது 1990களில், அரசாங்கத்திடமிருந்து தனியார் கைக்குப் போன கம்பெனிகளின் தலைவர்கள் தங்கள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டபோது. பிரிட்டிஷ் கேஸ் என்ற எரிவாயுக் கம்பெனியின் நிர்வாகி செட்ரிக் பிரவுனின் சம்பளம் 1994இல் 75 சதவீதம் ஏறி 4,75,000 பவுண்டு ஆனது, அதே நேரத்தில் அந்தக் கம்பெனியின் கடைகளில் வேலை பார்த்தவர்களின் சம்பளத்தைக் குறைக்கப் பேச்சு நடந்தது. மறு வருஷம் பங்குதாரர் கூட்டத்துக்கு வெளியே தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒரு பன்றிக்குச் செட்ரிக் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்த வயதுக்காரர்கள் உன் ஆபீஸில் இருந்தால் அவர்களுக்கு இது மறந்திருக்காது. அவர்கள் 'ஃபேட் கேட்' என்றால் ஒருவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை, அது யாருடைய கூலியிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். 'ஃபில்தி ரிச்', 'ஸ்டிங்கிங் ரிச்' இரண்டிலும் அழுக்கும் நாற்றமும் சேர்ந்தே வருகின்றன, இருந்தாலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

அப்புறம் பெரிய தொழிலதிபர்களைச் சொல்லும் 'மோகல்', 'டைகூன்'. இவை பேப்பரில் சாதாரணமாக வரும், பயப்படத் தேவையில்லை. முதலாவது நம் மொகலாயர்கள். இரண்டாவது ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கு வெளிநாட்டார் முன் வழங்கிய பட்டம், லிங்கனுடைய செயலாளர்கள்கூட அவரைத் தங்களுக்குள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது 'நேபாப்'. இப்போது அதிகம் புழங்காத சொல், ஆனாலும் உன் காதில் ஒரு நாள் விழும். நவாப் என்ற நம் சொல்லைத்தான் இங்கிலாந்துக்காரர்கள் அப்படித் திரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக இங்கே வந்து, கொள்ளையாகச் சம்பாதித்து ஊர் திரும்பி, மாளிகையும் பார்லிமென்ட் சீட்டும் வாங்கியவர்களை அவர்கள் நாட்டு ஜனங்களே வெறுத்து வைத்த பெயர். கிளைவ் அதில் முதல் ஆள். ஆனால் நம் பக்கத்துக்கு நெருங்கியவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே, முக்கியமாக இந்த பென்ஃபீல்டிடம், வட்டிக்குக் கடன் வாங்கி, ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலை எழுதிக் கொடுத்தார். வயலில் நின்றவன் கட்டிய வரி லண்டன்காரனுடைய வட்டியாகப் போனது. 1785இல் எட்மண்ட் பர்க் பார்லிமென்ட்டில் இந்தக் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார், பென்ஃபீல்டைப் பெயர் சொல்லியே கிழித்தார். அந்த மனுஷன் 1810இல் பாரிஸில் காசில்லாமல் செத்தார் என்பது வேறு விஷயம்.

மதுரையும் அந்த நவாப் உரிமை கொண்டாடிய சீமைதான். கம்பெனிப் படையில் வளர்ந்து மதுரையை ஆண்ட யூசுப் கான் எதிர்த்து நின்றதால் கம்பெனியும் நவாபும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டார்கள், 1764இல் அவரைத் தூக்கிலும் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

அதனால் யாராவது உன் எதிரில் ஒரு பழைய பணக்காரக் குடும்பத்தை 'நேபாப்' என்றால் சும்மா தலையாட்டிவிட்டு வராதே. அந்தப் பணம் எந்த ஊர்ப் பணம் என்று நிதானமாகச் சொல். சண்டை போட வேண்டாம், பர்க் பேசியதையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்து, அவர்களில் நியாயம் பேசியவர்களும் உண்டு என்று தெரிந்தால் கேட்பார்கள்.

நீ எழுதப் போகிற அந்த மெயிலை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை அனுப்பு, பார்த்துத் தருகிறேன். கிளையன்ட் பெயரை மட்டும் எடுத்துவிடு.

அப்பா