ஆசாத்தைப் பற்றிப் பேசத் தொரப்பள்ளியிலிருந்து தொடங்கு

அன்புள்ள மாணவிக்கு,

நவம்பர் 11 தேசியக் கல்வி நாளன்று உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத்தைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதாகவும், "விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர்" என்பதற்கு மேல் எதுவும் கைக்குச் சிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கரக்பூர் ஐ.ஐ.டி., பல்கலைக்கழக மானியக் குழு, சாகித்திய அகாதெமி என்ற பட்டியலைப் பிள்ளைகள் எந்தப் பொது அறிவு நூலிலும் பார்த்துக்கொள்வார்கள். நீ தொரப்பள்ளியிலிருந்து தொடங்கு.

ஓசூருக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊரில் ராஜாஜி பிறந்த வீட்டைக் காட்ட உங்கள் வகுப்பை அழைத்துச் சென்றபோது, "இவ்வளவு சின்ன வீடா ஐயா?" என்று கேட்டவள் நீதான். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஆசாத்துக்கும் 1942 ஏப்ரலில் ஒரு பெரிய கருத்து மோதல் நடந்தது. ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசி, சென்னையிலிருந்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய நேரம் அது. முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு ஏற்படாமல் தேசிய அரசு அமையாது, தேசிய அரசு இல்லாமல் நாட்டைக் காக்க முடியாது, ஆகவே லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுவிடலாம் என்பது ராஜாஜியின் கணக்கு. சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்டு அவர் தீர்மானமும் நிறைவேற்றினார். காங்கிரஸ் தலைவராக இருந்த ஆசாத் அதை ஏற்கவில்லை. ராஜாஜி காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் அவர் தரப்புக்கு 15 வாக்குகளே கிடைத்தன, எதிராக 120.

பாகிஸ்தானை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றவர் நம் மாவட்டத்து வைணவர். கூடாது என்றவர் மெக்காவில் பிறந்த மௌலானா. இதை நீ சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ராஜாஜியின் கணக்கில் தர்க்கப் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கோடு போட்ட பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கப்போகும் முஸ்லிம்களை ஆசாத் பார்த்தார். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது பேசும் வீடுகள் எத்தனை என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு லாகூர் எந்தத் திசை?

அவருடைய இளமையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1888-இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். 1912-இல் கல்கத்தாவில் 'அல் ஹிலால்' என்ற உருது வார இதழைத் தொடங்கினார். அரசு பிணைத்தொகை கேட்டு நெருக்கியதில் இரண்டே ஆண்டில் அது நின்றது. 1916-இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, 1919 முடியும்வரை ராஞ்சியில் காவலில் இருந்தார். 35 வயது நிறையும் முன்பே காங்கிரஸ் தலைவரானார். 1940 மார்ச்சில் ராம்கரில் இரண்டாம் முறை தலைமை ஏற்று, இஸ்லாத்தின் 1300 ஆண்டு மரபுக்கு வாரிசாக இருப்பதிலும், பிரிக்க முடியாத இந்திய தேசியத்தின் பகுதியாக இருப்பதிலும் தமக்கு ஒருசேரப் பெருமை என்றார். அதே வாரத்தில்தான் லீக் பிரிவினை கோரும் லாகூர் தீர்மானத்தை நிறைவேற்றியது.

1942 ஆகஸ்டு 9 அன்று பம்பாயில் கைதாகி, நேரு, படேல் முதலியவர்களோடு அகமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சேராத ராஜாஜி வெளியே இருந்தார். கோட்டைக்குள்ளிருந்து ஆசாத் ஒரு நண்பருக்குக் கடிதங்கள் எழுதினார். அனுப்ப அனுமதியில்லாததால் ஒன்றும் தபாலில் சேரவில்லை. அறைக்குள் கூடு கட்ட வந்த சிட்டுக்குருவிகளோடு அவர் நடத்திய சண்டையும் சமாதானமும் அவற்றில் இருக்கின்றன. தேநீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பால் கலந்தால் அது தேநீரே அல்ல என்பது அவர் கட்சி. (நம் ரவுண்டானா கடையில் அவரை உட்கார வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) 1943 ஏப்ரலில் மனைவி சுலைகா பேகம் கல்கத்தாவில் இறந்தார். அவர் நோயுற்றிருந்தபோது, அரசிடம் ஏதேனும் கோர விரும்பினால் அனுப்பிவைப்பதாகச் சிறைக் கண்காணிப்பாளர் சொல்லியும், ஆசாத் எதையும் கோரவில்லை. மனைவியின் மறைவைப் பற்றி அவர் எழுதிய அந்தக் கடிதத்தை மட்டுமாவது பிள்ளைகளுக்குச் சொல். நான் பாடம் நடத்திய காலத்தில், அதற்கு வந்தால் குரல் சற்று இறங்கிவிடும்.

1946-இல், நாடு பிரியாமலிருக்க, பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றையும் மட்டும் மத்தியில் வைத்து மற்றவற்றை மாகாணங்களுக்கு விடும் ஏற்பாட்டுக்காக அவர் கடைசிவரை முயன்றார். அது கைகூடவில்லை. 1947 அக்டோபரில் டெல்லி ஜும்ஆ மசூதியில், ஊரைவிட்டுப் பாகிஸ்தானுக்குக் கிளம்பத் துடித்த முஸ்லிம் மக்களிடம், எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்.

ஒரு சிறு செய்தி விட்டுப்போயிற்று. 1946 இடைக்கால அரசில் கல்வித் துறை முதலில் ராஜாஜியிடம் இருந்தது. 1947 ஜனவரியில் ஆசாத் அரசில் சேர்ந்தபோது அது அவர் கைக்கு வந்தது.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று ஆசிரியர்,
கிருஷ்ணகிரி